ஏணிக்குச் சந்தனம், ஏழுமலைக்கு மாவுக்கட்டு

போன வாரம் ஆயுத பூஜை. உங்கள் வீட்டில் பொரியும் சுண்டலும் கிடைத்திருக்கும். எங்கள் மில்லில் ஒரு கால் உடைந்தது.

வாரத்தில் ஒரு நாள்தான் நான் எழுத்தாளன். மற்ற ஆறு நாளும் அம்பத்தூரில் ஒரு மரம் அறுக்கும் மில்லில் கிளார்க். பூஜையன்று மெஷினைத் துடைத்து, எண்ணெய் போட்டு, பொட்டு வைப்பது வழக்கம். ரம்பத்தின் மேல் சக்கரம் இரண்டு ஆள் உயரத்தில் இருக்கிறது. துடைக்க ஏணி வேண்டும். ஏணியோ... காலையிலேயே குளித்துவிட்டு, சந்தனம் குங்குமத்தோடு சாமி படத்தின் முன்னால் சாய்ந்திருந்தது.

மெஷினைப் பழுது பார்க்கும் பிட்டர் ஏழுமலை அதை எடுக்கப் போனார்.

"பூஜைக்கு வெச்சதுல காலை வெப்பியா? எண்ணெய் டிரம் மேல ஏறிக்கோ" என்றார் முதலாளி.

ஏணியை மிதித்தால் பாவம். ஆள் விழுந்தால்? அதைப் பற்றிச் சாஸ்திரத்தில் ஒன்றும் இல்லை போலும்! டிரம் மேல் டிரம், அதன் மேல் ஏழுமலை. சக்கரத்தைப் பாதி துடைப்பதற்குள் டிரம் நழுவியது. மரத்தூளில்தான் விழுந்தார் — ஆனால் அடியில் சிமென்ட் தரை. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது.

ஆட்டோவில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நான் திரும்பினால், வாசலில் பூசணிக்காய் உடைந்து கிடக்கிறது. நல்ல நேரம் தவறாமல் பூஜை முடிந்ததாம். திருஷ்டியும் கழிந்ததாம்.

அடுத்து விபத்துப் படிவம். வேலையில் அடிபட்டதாக எழுதினால்தான், கால் கூடும்வரை நஷ்டஈடு கிடைத்து ஏழுமலை வீட்டில் உலை கொதிக்கும். அப்படி எழுதினால் பாக்டரி இன்ஸ்பெக்டர் வருவாரே?

"வீட்டு பாத்ரூம்ல வழுக்கி விழுந்தான்னு எழுதுங்க சார். நமக்கு எதுக்கு வம்பு?" என்றார் முதலாளி.

நான் என்ன செய்தேன் என்கிறீர்கள்? எழுதினேன். எனக்கும் வேலை வேண்டுமே! இப்போது சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

கையெழுத்து வாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். கையெழுத்துப் போடாமல் ஏழுமலை கேட்டார்:

"பாத்ரூமா? எங்க ஊடு பருத்திப்பட்டு ஏரிக்கரைல கீது சார். ஏரிலதான் குளிச்சிகினு கீறோம். யார்னா வந்து பாத்தா நீங்க இன்னா சார் சொல்லுவீங்க?"

கோபமே இல்லை. மனுஷர் எனக்காகக் கவலைப்பட்டார்.

அங்கேயே படிவத்தைக் கிழித்தேன். புதிதாக, நடந்ததை நடந்தபடி எழுதினேன். முதலாளியிடம், "அவர் வீட்டில் பாத்ரூமே இல்லை. பார்க்க ஆள் வந்தால் மாட்டிக்கொள்வோம் சார்" என்றேன். மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

முதலாளி மனசாட்சியும் என் மனசாட்சியும் தடுக்காத பொய்யை, இல்லாத ஒரு பாத்ரூம் தடுத்தது!