பாட்டிலக்காவின் அலமாரி

பாட்டிலக்காவுக்குப் பழைய கண்ணாடி மேல் பைத்தியம் பிடித்தது, புருஷன் மண்டையை உடைத்த அன்றைக்கு. இதில் கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. அவன் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு வந்தான்; அவள் கைக்கு எட்டியதை எடுத்து ஓங்கி ஒரு போடு போட்டாள். எட்டியது ஒரு கரும்பச்சை பாட்டில். மண்டையில் ஏழு தையல், பாட்டிலில் ஒரு கீறல் கிடையாது. ரத்தத்தைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். உள்ளே குமிழிகள், ஒரு பக்கமாகச் சாய்ந்த கழுத்து, அடியில் சொரசொரவென்று ஒரு தழும்பு. அதுவரை எடைக்குப் போட்டுத் தள்ளிய சரக்கை அன்றுதான் முகம் பார்த்தாள். புகார் கொடுக்கப் போன புருஷனோடு பாட்டிலும் சாட்சியாக ஸ்டேஷனுக்குப் போனது. புருஷன் திரும்பி வந்தான், பாட்டில் வரவில்லை. அவளுக்கு அந்த பாட்டில் வராததில்தான் வருத்தம். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அவன் அவளோடு குடித்தனம் நடத்தினான், ஒரு நாளும் கை ஓங்கவில்லை. பிறகு நெஞ்சுச் சளியில் போய்ச் சேர்ந்தான்.

அவளுடையது பழைய இரும்புக் கடை. முன்னால் தராசும் தகரமும் துருப்பிடித்த சைக்கிள்களும். பின்னால் ஒரே ஒரு அறை. அதற்குள் அடுப்பு, கட்டில், ஆளுயரத்துக்கு மேல் ஒரு இரும்பு அலமாரி. அலமாரி நிறையக் கண்ணாடி. இடிக்கிற வீடுகளிலிருந்தும் தூர் வாருகிற கிணறுகளிலிருந்தும் வந்தவை. பக்கத்தில் கோடு போட்டிருந்த மருந்து பாட்டில்கள், மைக்கூடுகள், விளக்குச் சிம்னிகள், இருட்டில் தடவினாலே விஷம் என்று தெரிவதற்காக உடம்பெல்லாம் வரி வைத்த நீல பாட்டில்கள். மிஷினில் செய்த பாட்டிலுக்கு இரண்டு பக்கமும் ஒரு தையல் கோடு வாய் வரைக்கும் ஏறும். மனுஷன் மூச்சுப் பிடித்து ஊதினதற்கு அது இருக்காது, ஊதும்போது அடியில் ஒட்டிப் பிடித்த இரும்புக் கம்பியை ஒடித்த தழும்புதான் இருக்கும். அவள் அதைத் தொப்புள் என்பாள். யார் எதைக் கொண்டுவந்தாலும் முதலில் கவிழ்த்துத் தொப்புளைத் தடவிப் பார்ப்பாள். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தையும், கையை நீட்டினால் அறையும் வருகிற பொம்பளை, சிம்னியைத் துடைக்கும்போது மட்டும் மூச்சைக்கூட மெதுவாக விடுவாள்.

அவளுக்கு ஒரு தங்கச்சி. பன்னிரண்டு வயது இளையவள். அம்மா படுத்த படுக்கையானதிலிருந்து அக்காதான் குளிப்பாட்டி, தலை வாரி, அடித்து வளர்த்தாள். அந்தச் சின்னவளை லாரி ஓட்டுகிற ஒருத்தனுக்குக் கொடுத்தார்கள். அவன் நல்லவன்தான், தூங்கும்போது. முதல் வருஷம் கன்னம் வீங்கியது, மூன்றாம் வருஷம் காது ஒன்று கேட்காமல் போனது. ஆறாம் வருஷம் ஒரு நாள் காலையில், உடைந்த மணிக்கட்டைத் துப்பட்டாவில் கட்டிக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றாள்.

"இனிமே போனா உயிரோட வரமாட்டேங்கா."

"எவடி உன்னைப் போகச் சொன்னா?"

பத்து நாள் வைத்துக்கொண்டாள். அதற்குள் தூரத்து ஊர் ஒன்றில் தையல் கம்பெனி வேலையும், தங்குவதற்கு ஒரு பெண்கள் விடுதியும் பேசி முடித்தாள். கடைக்குப் பின்னால் சந்து, சந்தின் முனையில் பஸ் நிறுத்தம். பத்தரைக்கு ஒரு பஸ், அதை விட்டால் பன்னிரண்டுக்கு. சின்னவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்கதவைத் தாண்டியபோது மணி பத்து. முன்வாசலில் லாரி வந்து நின்றதும் அப்போதுதான்.

"அவளை வெளியே அனுப்புங்க அண்ணி. நான் பேசிக்கிறேன்."

"இங்கே இல்லை தம்பி."

"செருப்பு கெடக்கு." அவசரத்தில் சின்னவள் வெறுங்காலோடு போயிருந்தாள்.

அவன் கடைக்குள் நுழைந்தான். இரும்புக் கடையில் ஆயுதத்துக்கா பஞ்சம், ஒரு கம்பியை உருவிக்கொண்டான். பின்னறை வாசலில் பாட்டிலக்கா குறுக்கே நின்றாள். முன்கையில் விழுந்த அடியில் எலும்பு முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது. அவளைச் சுவரோரம் தள்ளிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தவன் கண்ணில் அலமாரி பட்டது. அடுத்துப் பின்கதவும் பட்டது.

அவன் பின்கதவை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தான். சந்துக்குள் போனால் அரை நிமிஷத்தில் பஸ் நிறுத்தம். வாழ்க்கையில் யாரிடமும் கெஞ்சாதவள் அப்போது கெஞ்சினாள்.

"தம்பி, என்ன வேணா பண்ணு. என் பாட்டிலை மட்டும் தொட்டுடாதே."

அவன் நின்றான். அடிக்கிறவனுக்கு எங்கே வலிக்கும் என்று காட்டினால் போதும், அங்கேதான் அடிப்பான்.

"எங்கே இருக்கா சொல்லுங்க. ஒவ்வொண்ணா உடைப்பேன்."

கீழ்த்தட்டு முழுக்க மிஷின் பாட்டில், காலணாவுக்குப் பிரயோஜனம் இல்லாதது. அவள் அதற்குத்தான் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "ஐயோ, அது நூறு வருஷத்துச் சாமான் தம்பி." கம்பி விழுந்தது. கண்ணாடி அவள் முகத்தில் தெறித்தது. அடுத்த பாட்டிலுக்கு இன்னும் பலமாக அழுதாள். சுவர்க் கடிகாரத்தில் பத்து பத்து. இருபது உடைத்த பிறகு அவன் நிறுத்தினான். அவனும் ஊர் சுற்றினவன்தானே. அழுகிறவள் கண் கீழே இல்லாமல் மேல்தட்டிலேயே இருப்பதைப் பார்த்துவிட்டான்.

"இது சும்மா நடிப்பு. அதுதான் அசல், இல்லையா?"

அதற்குப் பிறகு அவள் நடிக்க வேண்டியிருக்கவில்லை. வரி வைத்த நீல பாட்டில்கள் ஒரே வீச்சில் போயின. சிம்னிகள் போயின. மூன்று குட்டிக் காலில் நிற்கிற, ஈ பிடிக்க வைக்கிற கண்ணாடிப் பொறி ஒன்று இருந்தது, வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசாக ஊதியது. அதை அவன் உள்ளங்கையில் வைத்து நீட்டினான். "சொல்லிடுங்க அண்ணி, இதை விட்டுடறேன்." மணி பத்து இருபது. அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். அவன் கையைச் சாய்த்தான். ஒடிந்த கையின் வலி அப்போது அவளுக்குத் தெரியவே இல்லை.

பாதித் தட்டு மிச்சம் இருக்கும்போது பின்கதவு திறந்தது. சின்னவள் நின்றாள். சந்து முனை வரைக்கும் சத்தம் கேட்டிருக்கிறது. ஒரு காது கேட்காதவளுக்கும் கேட்டிருக்கிறது.

"எனக்காக உன் சாமான் எல்லாம் உடையணுமாக்கா?"

"ஓடுடி" என்றாள் பாட்டிலக்கா.

அவன் சின்னவளின் முடியைப் பிடித்தான். அவள் திமிறவில்லை, அழவும் இல்லை. நல்ல கையை நீட்டி அலமாரியின் சட்டத்தைப் பிடித்துத் தன் எடையெல்லாம் போட்டு இழுத்தாள். அத்தனை இரும்பும் மிச்சக் கண்ணாடியும் சேர்ந்து அவன் மேல் சாய்ந்தது. இவள் முடி ஒரு கொத்து அவன் கையோடு போயிற்று. அவன் இடுப்புக்குக் கீழே மாட்டிக்கொண்டு ஊளையிட்டான். குதிகால் நரம்பு அறுந்து ரத்தம் வாசல் வரைக்கும் ஓடியது. தெருக்காரர்கள் ஓடிவந்து அவனைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு போனார்கள். இன்றைக்கும் நொண்டுகிறான், லாரி ஓட்டுவதில்லை.

அறையில் அக்காவும் தங்கச்சியும் மட்டும் நின்றார்கள். பத்தரை பஸ் போயிருந்தது. பாட்டிலக்கா சின்னவளைப் பார்த்தாள், ஒடியாத கையை ஓங்கி விட்டாள் ஒரு அறை. கேட்கிற காதுப் பக்கமாக.

சின்னவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "பஸ்ஸை விட்டதுக்காக்கா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாட்டிலக்காவின் கண் அதற்குள் தரைக்குப் போய்விட்டது. அடியில் தொப்புள் இருந்த துண்டுகள் எவை என்று தேடிக்கொண்டிருந்தது.

சின்னவள் செருப்பை மாட்டினாள், பையை எடுத்தாள். "அவரும் அப்படித்தான். என்னை அடிச்சிட்டு, தன் வாட்ச் உடைஞ்சிருக்கான்னுதான் முதல்ல பார்ப்பாரு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பன்னிரண்டு மணி பஸ்ஸில் ஏறினாள். பேசி வைத்த விடுதிக்குப் போகவில்லை. வேறு எங்கோ போய்விட்டாள். நன்றாக இருப்பதாக இரண்டு முறை கடிதம் வந்தது, விலாசம் போடவில்லை.

பக்கத்துக் கடைக்காரி ஆறுதலாகத்தான் சொன்னாள், "நீ வளர்த்த பொண்ணு, பஸ்ஸை விட்டாளேன்னு ஆத்திரத்துல அடிச்சே. கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமா?"

"பஸ்ஸுக்காக அடிக்கலைடி" என்றாள் பாட்டிலக்கா. "பாட்டிலுக்காகத்தான் அடிச்சேன்."