ஒரே மேப்பில் எல்லோருடைய மொழியும்

பெரியகல்லாற்றுக் கம்சாயினி, கணிதம் வராது என்றவர்கள் முன்னால் கணிதத்தில் தேறினாள்; தினமும் இரண்டு பஸ் மாறிப் போய் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றாள்; பெண்கள் எவருமே இல்லாத மென்பொருள் அலுவலகத்தில் இடம் பிடித்தாள். அத்தனையையும் அங்கே அவள் பொறுப்பிலிருந்த ஒரு பஸ் முற்பதிவுச் செயலி கெடுக்கப் பார்த்தது. ஒரு பயணி சிங்களத்தைத் தெரிவுசெய்தால் எல்லோருடைய திரையும் சிங்களமானது. இன்னொரு முறை நடந்தால் வேலை இல்லை என்றார் முதலாளி.

எத்தனை தடவை திருத்தினாலும் பிழை திரும்பி வந்தது. எரிச்சலோடு வரிவரியாகத் தேடினாள். மொழி உட்படச் செயலியின் அமைப்புகள் எல்லாம், பெயருக்கு எதிரே மதிப்பை எழுதிவைக்கும் 'மேப்' என்ற பட்டியல் ஒன்றில், எல்லாப் பயணிகளுக்கும் பொதுவாக இருந்தன. கூட வேலைசெய்யும், அவள் அண்ணன் முறையில் 'நானா' என்றழைக்கும் றிஸ்லான் அதற்குள்ளேயே மொழியை மாற்றும்படி எழுதியிருந்தார்.

"நானா, ஊருக்குப் பொதுவான கிணத்துக்குள்ள உங்கட சீனியக் கொட்டினா, எல்லாரும் சீனித்தண்ணியா குடிக்கிற?"

"ஒரு சொல்லத்தானே மாத்தின நான், தங்கச்சி!"

"இனி ஏலாது. ஆளுக்கொரு பிரதி எடுத்து அதில மாத்துங்க."

செயலி தொடங்கியபின் எவரும் தொட முடியாதபடி அந்த மேப்பைப் பூட்டினாள். அதன்பின் மொழியை மாற்றியவரின் திரை மட்டுமே மாறியது. அதுவரை அலுவலகத்தின் பெயரில் போன நிரலின் தலைப்பில், முதன்முதலாகத் தன் பெயரை இட்டாள்: கம்சாயினி, 2023 ஓகஸ்ட் 17.