மூக்கு மாமா மோந்து கொடுத்த டிரம்கள்

தெருவில் அவருக்கு வைத்த பெயர் மூக்கு மாமா. மூக்கு ஒன்றும் பிரமாதமான மூக்கு இல்லை, சப்பைதான். அது பார்த்த வேலையால் வந்த பெயர்.

பெயிண்ட் ஃபாக்டரியில் முப்பத்தோரு வருடம் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர். பெயிண்டைக் கரைக்கிற திரவம் அங்கே நீல நிற பிளாஸ்டிக் டிரம்களில் வந்து இறங்கும். காலி டிரம்மை யார் தூக்கிக்கொண்டு போனாலும் கேட்பாரில்லை. தெருவிலோ நாலு நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர். பிறகென்ன, "மாமா, எனக்கொரு டிரம்" என்று ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள்.

அவரும் ஏனோதானோ என்று கொடுத்துவிடுகிற ஆள் இல்லை. சோப்புத் தூள், வெந்நீர், மூன்று அலசல். மண்டையோடு படம் போட்ட லேபிளைப் பிளேடால் சுரண்டி எடுத்துவிடுவார், பார்க்கிறவர்கள் பயந்துவிடக் கூடாதாம். கடைசியாக டிரம்மைச் சாய்த்து, தலையை உள்ளே விட்டு, கண்ணை மூடி மோந்து பார்ப்பார். "வாடை இல்ல, எடுத்துட்டுப் போ" என்றால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. வாடை போனால் விஷமும் போய்விட்டது என்பது அவராகப் போட்ட சட்டம். யார் சொன்னது என்று அவரும் யோசிக்கவில்லை, தெருவும் கேட்கவில்லை.

ஓய்வு பெற ஆறு வருடம் இருக்கும்போது, ஒரு காலையில் வீட்டில் பால் அடிப்பிடித்துப் புகை கிளம்பியது. மாமா அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"மூக்க எங்க அடகு வெச்சீங்க?" என்று மனைவி ஓடி வந்து கத்தினாள். சிரித்து மழுப்பிவிட்டார். மறுநாள் ஸ்டோரில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒரு முழு டிரம்மைத் திறந்து மோந்தார். கண் எரிந்து நீர் வந்தது. வாடை மட்டும் வரவில்லை.

அன்றோடு நிறுத்தியிருக்கலாம். 'இனிமே ஃபாக்டரியில டிரம் தர மாட்டாங்களாம்' என்று ஒரு சின்னப் பொய் போதும். ஆனால் மூக்கு செத்துப்போன மூக்கு மாமாவை எவன் மதிப்பான்? அந்தப் பாழாய்ப்போன பெயருக்காக, அதற்குப் பிறகும் பதினொரு டிரம்மில் தலையை விட்டு, கண்ணை மூடி, "வாடை இல்ல" என்றார். பதினொன்றாவது அவருடைய தங்கைக்கு.

இப்போது அந்த ஒரு தெருவில் மட்டும் ஒன்பது பேருக்குப் புற்றுநோய். இரண்டு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தங்கைக்கு ரத்தத்தில். மருந்து ஏற்றி ஏற்றி முடியெல்லாம் கொட்டி, தலையில் துணி கட்டிக்கொண்டு நடமாடுகிறாள்.

இத்தனை பேருக்கு ஏன் வந்தது என்று விசாரிக்க, சுகாதாரத் துறையிலிருந்து ஒரு டாக்டரம்மா படிவமும் கையுமாக வந்தார். தெருவில் எல்லாருக்கும் தெரிந்தவர் என்று மாமாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். எப்படி மறுப்பது? பின்னாலேயே போனார்.

"தண்ணி எதுல பிடிச்சு வெப்பீங்க?" என்று முதல் வீட்டில் டாக்டரம்மா கேட்டார்.

"எவர்சில்வர் குடத்துல, டாக்டர்."

இரண்டாவது வீட்டிலும் அதே பதில். மூன்றாவது வீட்டில் சமையலறை மூலையில் வட்டமாக ஒரு ஈரத் தடம் இருந்தது, டிரம்மைத்தான் காணோம். டாக்டரம்மா வாசலுக்குப் போனதும் அந்த வீட்டுக்காரி மாமாவின் காதருகே வந்தாள்.

"கவலைப்படாதீங்க மாமா. ஃபாக்டரி சாமானை எடுத்தீங்கன்னு உங்க மேல கேஸ் கீஸ் போட்டுட்டா என்ன பண்றது? தெருவே பேசி வெச்சிருக்கோம். ஒருத்தர் வாயிலயும் டிரம்முங்கிற பேச்சே வராது."

மாமாவுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அடுத்த நொடியே அந்த நிம்மதிக்காகத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது. விசாரிக்க வந்தவர் ஒன்றும் தெரியாமல் திரும்பிப் போவார். டிரம்கள் மறுபடி மூலைக்கு வரும். எல்லாரும் அதிலேயே மொண்டு குடிப்பார்கள், மாமா மேல் வைத்த பாசத்தோடு.

கடைசி வீடு தங்கையுடையது. அண்ணனைக் கண்டதும் வழக்கம்போல டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். "வெயில்ல ஏன்ணே அலையுற?"

டாக்டரம்மா தண்ணீரைப் பற்றிக் கேட்டார்.

"குடத்துலதான் டாக்டர்" என்று சொல்லிவிட்டு, தங்கை அண்ணனைப் பார்த்து லேசாகக் கண்ணைக் காட்டினாள். டாக்டரம்மா எழுதத் தொடங்கினார்.

"எழுதாதீங்கம்மா" என்றார் மாமா. "இந்தத் தெருவுல எல்லாரும் ஃபாக்டரி டிரம்லதான் தண்ணி வெச்சிருக்காங்க. மொத்தம் முப்பத்தேழு. எல்லாமே நான் குடுத்தது."

அதில் முன்பு என்ன இருந்தது என்று டாக்டரம்மா கேட்டார். முப்பத்தோரு வருடம் ரசீதில் எழுதி எழுதிப் பழகிய பெயர், எழுத்துப் பிசகாமல் சொன்னார். டாக்டரம்மாவின் முகம் மாறியது.

"இதனாலதான் வந்துச்சாம்மா?"

"இப்பவே சொல்ல முடியாதுங்கய்யா. நிலத்தடித் தண்ணி, ஃபாக்டரிப் புகை, எல்லாத்தையும் பார்க்கணும். இதையும் பார்க்கணும்."

இதனால் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாரா என்று மாமா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லவில்லை.

தங்கைக்குப் பொறுக்கவில்லை. "டாக்டர், எங்கண்ணன் ஒண்ணும் சும்மா தூக்கிக் குடுத்துடல. நல்லாக் கழுவி, மோந்து பார்த்து, வாடை இல்லன்னு தெரிஞ்ச பிறகுதான் குடுப்பாரு. சொல்லேண்ணே!"

"மோந்து பார்த்தேன்" என்றார் மாமா. "ஆனா உனக்குக் குடுக்குறதுக்கு முன்னாடியே எனக்கு மூக்கு செத்துப்போச்சும்மா. ஒரு வாடையும் தெரியாது. அது தெரிஞ்சேதான் குடுத்தேன்."

தங்கை தலையில் கட்டியிருந்த துணியை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். மாமாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. கையிலிருந்த டம்ளரைத் தன்னையறியாமல் வாய்க்குக் கொண்டுபோனார்.

அவள் எட்டி அதை அவர் கையிலிருந்து பிடுங்கிப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினாள்.

"நீ இதக் குடிக்காதண்ணே" என்றாள்.