இரண்டு பேருக்கான மெசின்

மண் குழைக்க ஒரு மெசின் வாங்குவதென்று முடிவானபோது நான்தான் அதிகம் துள்ளினேன். வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், கார் இல்லாத ஒரு கராஜ்தான் எங்கள் பட்டறை. தேநீர்க் கோப்பையும் சாப்பாட்டுப் பீங்கானும் வனைவது நான். களிமண்ணை மிதித்துக் குழைத்துத் தருவது என் கணவர். கடைகளின் ஓடர்கள் கூடக்கூட அவருடைய முழங்கால்கள் சொல்வழி கேட்காமல் போயின.

கொட்டாஞ்சேனையில் பழைய மெசின்களைத் திருத்தி விற்கும் முஸ்லிம் முதலாளி ஒருவர் இரண்டைக் காட்டினார். இரண்டுக்கும் ஒரே வேலைதான். மேலே களியைப் போட்டால், உள்ளே திருகு சுற்றிப் பிசைந்து, வாய்வழியே நீளமாகத் தள்ளும். பெரியதை ஓட்ட இருவர் வேண்டும். ஒருவர் மேலே நின்று களியை அமுக்க, மற்றவர் வாயில் நின்று பிடித்து வெட்ட வேண்டும். சின்னதுக்கு ஒரு ஆள் போதும், ஆனால் மெதுவாக ஓடும். எனக்குப் பார்த்ததுமே பெரியது பிடித்துவிட்டது. முதலாளியும் அதைத்தான் புகழ்ந்தார்.

என் கணவர் பெரியதின் பக்கம் திரும்பவேயில்லை. சின்னதின் அருகில் என்னை நிற்கச் சொன்னார். மூடியைத் திறக்கச் சொன்னார். சுவிட்ச் என் கைக்கு எட்டுகிறதா என்று பார்த்தார். கலியாணச் சேலை எடுத்த அன்றுகூட என்னை இவ்வளவு கவனமாகப் பார்க்காத மனுசன். பிறகு முதலாளியிடம் கேட்டார்.

"நான் இல்லாட்டிலும் இவ தனிய ஓட்டுவாவோ?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "எங்க போகப் போறியள்?"

"எங்கயும் போகேல்லை. கேட்டு வைக்கிறன்."

முதலாளி எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்தபடி, ஓட்டலாம் என்று மெதுவாகச் சொன்னார்.

யுத்த காலம். அதற்குச் சில வாரம் முன்புதான், யாழ்ப்பாணத்து அடையாள அட்டை வைத்திருந்ததற்காகப் பொலிஸ் அவரைக் கூட்டிக்கொண்டு போய் அடைத்து வைத்து, பிறகு விட்டிருந்தது. வந்த பிறகு அதைப்பற்றி அவர் கதைக்கவில்லை. கேட்டால் திரும்பவும் நடந்துவிடும் என்ற பயத்தில் நானும் கேட்கவில்லை. பெரிய மெசினுக்காக நான் மல்லுக்கட்டியதும் அந்தப் பயத்தில்தான். இரண்டு பேருக்கான மெசினை வாங்கிவிட்டால் இரண்டு பேரும் இருந்தாக வேண்டும் என்று நினைத்தேன். விசர்க் கணக்கு. ஆனாலும் பஸ் நெடுகச் சண்டை பிடித்தேன். அவரோ தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற ஆள். சின்னதுதான் வீட்டுக்கு வந்தது.

வந்த பிறகும் நான் விடவில்லை. களி தானாக வந்து படுக்கட்டும் என்று மெசினின் வாயில் அவர் ஒரு பலகை செய்து மாட்டியிருந்தார். நான் அதைக் கழற்றி மூலையில் சாத்திவிட்டு, நீங்கள் நின்று பிடியுங்கோ என்றேன். தேவையில்லாத வேலைதான். சிரித்துக்கொண்டு, குளிக்க வார்த்த பிள்ளையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் பிடிப்பார். அப்படியே வழக்கமாகிவிட்டது.

ஒரு காலை, கல்கிசையில் ஒரு கடைக்குக் கோப்பைகள் கொடுக்கப் போனார். வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து அவரை இறக்கினார்கள். அதே பஸ்ஸில் இருந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் கோப்பைப் பெட்டியைக் கொடுத்து, வீட்டில் சேர்க்கச் சொன்னாராம். பெட்டி வந்தது. நான் ஏறி இறங்காத பொலிஸ் நிலையம் இல்லை. தெரிந்த சிங்களம் முழுவதையும் வைத்து மன்றாடினேன். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றார்கள். இன்றுவரை அவர் வரவில்லை.

ஓடர் கொடுத்தவர்கள் எவ்வளவு காலம் பொறுப்பார்கள்? வயிறும் பொறுக்காது. ஒரு நாள் கராஜைத் திறந்தேன். மூடி கைக்கு எட்டியது. சுவிட்சும் எட்டியது. அவர் சரியாகத் தெரிந்தெடுத்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதற்காக இன்றைக்கும் அவரோடு கோபம் எனக்கு. இது பழுதாகிப் போகட்டும் என்று பிள்ளையாரை வேண்டிக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். அது சமர்த்தாக ஓடியது.

பலகை மூலையிலேயே இருந்தது. எடுத்து மாட்டினால் வேலை நடக்கும். நான் மாட்டவில்லை. களியைப் போட்டுவிட்டு, அவர் நிற்கிற வாய்ப் பக்கம் போகாமல், என் பக்கத்திலேயே நின்றேன்.

"பிடியுங்கோவன்" என்றேன்.

களி நீளமாக வந்து, தொங்கி, அறுந்து நிலத்தில் விழுந்தது. நான் இன்னும் கொஞ்சம் களியைப் போட்டேன்.