கழுத்துக்குள் இருந்த எலும்பு நோய்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நோயைப் பற்றி எழுத உனக்கு என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றினால் மன்னித்துவிடுங்கள். என்னைப்போல் காரணம் தெரியாத எலும்பு வலியோடு யாராவது இருக்கலாம்.

லாஸ்பேட்டையில் ஒரு மாணவியர் விடுதியில் சமையல் வேலை. நான்கு வருடமாக உடம்பெல்லாம் வலி, ஓயாத தாகம். வயதாகிறது என்று விட்டுவிட்டேன். சப்பாத்தி மாவு பிசையும்போது மணிக்கட்டு உடைந்தது. பிறகு ஒருநாள் இருமியதில் விலா எலும்பு. யாருக்கோ உடைந்ததுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாரிசில் இருக்கும் என் நாத்தனார் லீவில் வரும்போதெல்லாம், சாக்லேட்டோடு தண்ணீரில் போட்டால் பொங்கும் கால்சியம் வில்லைகளும் கொண்டுவருவாள். "குடிங்க அண்ணி, பிரான்சு சரக்கு. ஊரு மாத்திரைலாம் இதுகிட்ட நிக்குமா?" என்பாள். தினமும் குடித்தேன். வேறு மருந்து உண்டா என்று டாக்டர்கள் கேட்டால் இல்லை என்பேன். பரிசாக வந்ததை மருந்தென்று நினைக்கவேயில்லை.

கடைசியாகப் பார்த்த டாக்டர் இரத்தப் பரிசோதனை செய்தார். கால்சியம் மிக அதிகம். அவரும் அதே கேள்வியைக் கேட்டார். நான் இல்லை என்று தலையசைப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார்.

"தினம் பிரான்சு சோடா குடிக்கிறாளே டாக்டர், பெரிய தொரசாணி."

டாக்டர் சிரிக்கவில்லை. "அத இன்னியோட நிறுத்துங்கம்மா. ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி பாக்கலாம்."

நிறுத்தியும் குறையவில்லை. காரணம் பாராதைராய்டு (கழுத்தில், தைராய்டுக்குப் பின்னால் இருக்கும் நான்கு சிறு சுரப்பிகள்). அதில் ஒன்று கட்டியாகி, அளவுக்கு மீறிச் சுரந்து, எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி இரத்தத்தில் விட்டுக்கொண்டிருந்தது. அதன்மேல் நானும் ஊற்றியிருக்கிறேன்.

"இடுப்பெலும்பு ரொம்ப மோசமா இருக்கு. அது உடைஞ்சா படுக்கைதான்" என்றார் டாக்டர்.

"கட்டிய எடுத்துட்டா நடப்பேனா?"

"நடக்கலாம். எலும்பு இறுக ஒன்னு ரெண்டு வருஷம் ஆவும்."

நாத்தனார் போனில் அழுதாள். "நாந்தான் கெடுத்துட்டேனா அண்ணி?"

"நோய் நீ குடுத்ததில்ல. சாக்லேட்டு நல்லாதான் இருந்துச்சு" என்றேன். எனக்கு அழுகை வரவில்லை.

அறுவை முடிந்த மாலை உதடும் விரல்நுனிகளும் மரத்துப்போயின (பசித்த எலும்புகள் கால்சியத்தை இழுத்துக்கொள்வதால் இரத்தத்தில் அது குறைந்துவிடுமாம்). கால்சியத்தையே ஊசிவழியாக ஏற்றினார்கள். கட்டிலில் இருந்தபடி கழிப்பறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வருடத் தூரத்தில் இருந்தது.

மறுநாள் காலை நர்ஸ் என்னைப் பிடித்து நிறுத்தினார். அந்தக் கதவு வரை பதினோரு அடி நடந்தேன். எதுவும் உடையவில்லை.