மல்லாக்கக் கிடந்த விமானம்

விளக்கெண்ணெய் கருகும் வாடை அடித்தால் மற்றவர்களுக்கு வயிறு கலங்கும். எனக்கு வானம் ஞாபகம் வரும். பள்ளி விடுமுறைதோறும் அம்மா என் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிய அதே எண்ணெய்தான் என் சீன நண்பன் ஆ செங்கின் குட்டி விமான இஞ்சினுக்கு ஊற்றும் எரிபொருளிலும் கலந்திருந்தது. அந்தப் புகையை முதன்முதலில் முகர்ந்தபோது, இதைக் குடித்த எதுவும் வேகமாகத்தான் ஓடும் என்பது என் சொந்த அனுபவத்திலேயே எனக்குப் புரிந்துபோயிற்று.

எழுபதுகளின் கடைசி. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்தோம். ஆ செங் வீடு பின்தெருவில். எங்களோடு சேர்ந்து வளர்ந்ததில் அவன் தமிழ் என் தமிழைவிடக் கொஞ்சம் சுத்தமாகவே இருந்தது. கப்பலில் வேலை பார்த்த அவன் மாமா, கிள்ளான் துறைமுகத்தில் இறங்கிய ஒரு நாள் அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போன இஞ்சின் அது. இரண்டு கட்டை விரல் சேர்ந்த அளவுதான் இருக்கும். "இது போச்சுன்னா வேற கிடையாது மச்சான். மாமா எப்ப திரும்பி வருவார்னு அவருக்கே தெரியாது லா" என்று சொல்லி, பிஸ்கட் டின்னில் பஞ்சுக்கு நடுவே அதைப் படுக்க வைத்திருந்தான்.

நாங்கள் கட்டியது 'கம்பி பிளேன்'. நடுவில் ஒருவன் கைப்பிடியோடு நிற்பான். கைப்பிடியிலிருந்து போகும் இரண்டு மெல்லிய கம்பிகளின் முனையில் விமானம் அவனைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும். கைப்பிடியை மேலே சாய்த்தால் ஒரு கம்பி இழுபடும், கீழே சாய்த்தால் மற்றது. இறக்கைக்கு அடியில் திருகியிருக்கும் மூன்று மூலைத் தகடு, நாங்கள் 'கிராங்கு' என்போம், அந்த இழுப்பை வாங்கித் திரும்பி, இன்னொரு கம்பி வழியாக வாலில் இருக்கும் மடலை அசைக்கும். மடல் நிமிர்ந்தால் விமானம் ஏறும், குனிந்தால் இறங்கும். அவ்வளவுதான் சங்கதி.

இறக்கை வெட்டுவதும் இஞ்சின் பூட்டுவதும் அவன் வேலை. கிராங்கு மாட்டுவதையும் விமானம் ஓட்டுவதையும் நான் பிடுங்கிக்கொண்டேன். தகுதி என்னவென்றால், என் அப்பாவுக்கு ரயில்வே சிக்னல் பகுதியில் வேலை. இங்கே ஒரு கம்பியை இழுத்தால் எங்கேயோ தூரத்தில் சிக்னலின் கை அசைவதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவன் என்பதால், "கம்பி வேலை எங்க ரத்தத்துலயே இருக்குடா" என்று அளந்துவிட்டேன். ரத்தத்தில் இருந்ததோ இல்லையோ, வாலுக்குத் தேவைப்பட்ட கம்பி அப்பாவின் சைக்கிள் சக்கரத்தில் இருந்தது. கழற்றிவிட்டேன். மறுநாள் சக்கரம் கோணிக்கொண்டு ஓட, "சைக்கிளுக்கும் பல்லு விழுற வயசு வந்துடுச்சு போல" என்று சொல்லி அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். அதோடு சரி.

மூன்று சாயங்காலம் அந்தக் கிராங்கோடு மல்லுக்கட்டினேன். திருகாணியை இறுக்கினால் திரும்ப மாட்டேன் என்றது, தளர்த்தினால் குடிகாரனைப் போல ஆடியது. இறக்கைக்கு அடியில் மாட்டுகிற சாமான் என்பதால் விமானத்தைச் சாப்பாட்டு மேசையில் மல்லாக்கப் போட்டுத்தான் எல்லா வேலையும். கடைசியில் தகடு வழிக்கு வந்தது. மல்லாந்து கிடந்த விமானத்தின் ஒரு கம்பியை இழுத்தேன். மடல் அழகாகக் கூரையைப் பார்த்து எழும்பியது. "ஏறுதுடா!" என்று கத்தி, அந்தக் கம்பிதான் 'மேல் கம்பி' என்று சிவப்புச் சாயம் பூசி, கைப்பிடியின் மேல்முனையில் கட்டி வைத்தேன்.

ஞாயிறு காலை, தண்டவாளத்தை ஒட்டிய 'பாடாங்'கில், பந்து விளையாட வந்த பையன்கள் எல்லாம் திடலின் ஓரத்தில் வேடிக்கை பார்க்க நின்றார்கள். என்னைவிட இரண்டு வயது மூத்த என் அக்கா வசந்தாவும் வந்திருந்தாள். விமானத்தின் மூக்கில் இருந்த காற்றாடியை ஆ செங் தட்டிவிட, இஞ்சின் ஆயிரம் கொசு சேர்ந்த மாதிரி அலறியது. கையை எடுத்தான். விமானம் புல்லில் ஓடியது. நான் ராஜா போலக் கைப்பிடியை மேலே சாய்த்தேன். அது வாலைத் தூக்கி, மேய வந்த மாடு மாதிரி மூக்கைப் புல்லில் குத்தி நின்றது. காற்றாடி இரண்டு துண்டு.

"உன் இஞ்சின் சரியில்லடா!" என்று முதலில் கத்தியவன் நான்தான். அவன் மண்டியிட்டு, இஞ்சினுக்குள் போன மண்ணை ஊதி ஊதி எடுத்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்த பிறகும், காற்று சரியில்லை, புல் சரியில்லை என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன்.

அக்கா பக்கத்தில் வந்து காதோடு கேட்டாள்: "டேய், நீ கையைத் தூக்கினா வால்ல இருக்கிறது ஏன் குனியுது?"

சிவப்புக் கம்பியை இழுத்துப் பார்த்தேன். குனிந்தது. விமானத்தைப் புரட்டி மல்லாக்க வைத்து இழுத்தேன். கம்பீரமாக நிமிர்ந்தது. மல்லாக்கப் போட்டு மாட்டியவன், மல்லாக்க வைத்தே சரிபார்த்தும் இருக்கிறேன்!

"அப்பா இப்படிக் கட்டியிருந்தா பத்துமலை ரயில் கிள்ளானுக்குல்ல போயிருக்கும்" என்றாள் அக்கா. ஆ செங்கின் காதிலும் அது விழுந்தது.

"யார் தப்பு லா?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான். நான் குனிந்து கம்பியில் சிக்கெடுக்கத் தொடங்கினேன். ஆ செங் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, "என் தப்புதான். இஞ்சின் ஸ்பீட் கூட வெச்சிட்டேன்" என்றான்.

இருந்த ஒரே மாற்றுக் காற்றாடியைப் பூட்டினான். பிறகு கைப்பிடியை எடுத்து, தலைகீழாகத் திருப்பி, என் கையிலேயே வைத்தான். மேலும் கீழும் இடம் மாறிவிட்டன, கோளாறு தீர்ந்தது.

"நீயே ஓட்டுடா. உன் இஞ்சின்" என்றேன்.

"உங்க ரத்தத்துலதானே இருக்கு? ஓட்டு லா."

பறந்தது. விரலுக்கென்று செதுக்கிய பள்ளங்கள் தலைகீழாகி, ஆள்காட்டி விரல் சுண்டுவிரலின் பள்ளத்தில் நெருக்கியடித்துக்கொண்டிருக்க, ரயில் பாதையும் மழை மரமும் அக்காவின் மஞ்சள் பாவாடையும் என்னைச் சுற்றிச் சுற்றி ஓட, விளக்கெண்ணெய்ப் புகையின் நடுவே நான் கத்திக்கொண்டே சுழன்றேன். எரிபொருள் தீர்ந்ததும் விமானம் பத்திரமாக இறங்கியது, விழுந்தவன் நான்தான். தலைசுற்றிக் கிடந்தபடியே, "கிராங்கைத் தப்பா மாட்டினது நான்தான்!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். ஊர் அதற்குள் பந்து விளையாடப் போய்விட்டிருந்தது.

"தெரியும் லா" என்றான் ஆ செங்.

அந்தப் பாடாங் இருந்த இடத்தில் இன்று கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. குவார்ட்டர்ஸை இடித்தாயிற்று, அப்பாவும் இல்லை. காணாமல்போன சைக்கிள் கம்பியைப் பற்றி அவர் கடைசிவரை வாய் திறக்கவில்லை. விமானம் எப்போதோ உளுத்துக் கொட்டிவிட்டது. கைப்பிடி மட்டும் என் வீட்டுச் சுவரில் ஓர் ஆணியில் தொங்குகிறது. விருந்தாளி வரும் நாளில் அழகுக்காக அதை நேராக மாட்டிவிடுவாள் என் மனைவி. ஆ செங் இப்போது ஸ்ரீ கெம்பாங்கானில் பட்டறை வைத்திருக்கிறான். ஒவ்வொரு தீபாவளிக்கும் முறுக்கு தின்ன வந்துவிடுவான். அவனிடம் நன்றி என்று நான் வாய் திறந்து சொன்னதே இல்லை. வாசலில் அவன் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டதும், எழுந்துபோய் அந்தக் கைப்பிடியைத் தலைகீழாகத் திருப்பி மாட்டிவிட்டுத்தான் கதவைத் திறப்பேன்.