சின்னக்காவின் மூக்கு

என் சின்னக்காவுக்கு வேலை, முகர்ந்து பார்ப்பது. சிரிக்காதீர்கள், அதற்குத்தான் சம்பளம்.

அது சாசேஜ் கம்பெனி. பாலுக்கு உறை ஊற்றுவதுபோல், கொத்திய இறைச்சியில் இரண்டு வகை பாக்டீரியாவைக் கலந்து, குடலில் அடைத்து, கதகதப்பான அறையில் தொங்கவிடுவார்கள். ஒரு வகை அவசரக்குடுக்கை. சர்க்கரையைத் தின்று புளிப்பைக் கக்கும். இன்னொன்று நிதானம், வறுத்த பருப்பு, வெண்ணெய் என்று வருகிற வாசனையெல்லாம் அதன் கைவண்ணம். அறையில் சூடு மிஞ்சினால் அவசரக்குடுக்கை ஆட்டம் போடும், அந்தப் புளிப்பில் நிதானக்காரன் செத்துப்போவான். இரண்டும் ஒத்துப்போயினவா என்று சொல்ல வேண்டியவள் அக்கா. கம்பெனி முழுக்க அவளுக்கு 'மூக்கம்மா' என்றுதான் பெயர்.

ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அவளுடைய வாசனை உணர்வையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வீட்டில் அத்தானிடமும் என்னிடமும் மட்டும் சொன்னாள். வேலையிடத்தில் மூச்சுவிடவில்லை. விரலால் அமுக்கி, நிறத்தைப் பார்த்து, தலையாட்டி ஒப்பேற்றினாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. மூக்கம்மா போய், மூக்கு போச்சு என்று எப்படிச் சொல்வாள்?

ஒருநாள் ராத்திரி சூட்டுக் கருவி கோளாறாகி அறை வெந்து, விடிவதற்குள் ஆறியிருந்தது. காலையில் அக்கா உள்ளே போய் வழக்கம்போல் முகர்ந்து, "நல்லா இருக்கு சார்" என்றாள். மேற்பார்வையாளர் ஒன்றை வெட்டி மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

"என்னம்மா இது, வெறும் புளிப்பு. வாசனையே இல்ல. இதயா நல்லா இருக்குன்னீங்க?"

கருவிமேல் பழியைப் போட்டுத் தப்பியிருக்கலாம். அக்காவுக்கு அதற்கு மனம் வரவில்லை.

"எனக்கு மூக்கு செத்துப்போச்சு சார். சொல்லப் பயந்துட்டேன்."

அவர் வெட்டிய துண்டைக் கீழே வைத்தார். "சரியாகுற வரைக்கும் பேக்கிங்ல இருங்க. அதுக்குள்ள வேற ஆள் தேறிட்டா, நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

அக்கா அட்டைப்பெட்டி ஒட்டினாள். மாலைதோறும் அத்தான் சோப்பு, காப்பித்தூள், எலுமிச்சைத் தோல் என்று அவள் முன்னால் நீட்டுவார். "இது?" "ஒண்ணும் தெரியலங்க." அக்காவின் பழைய வேலைக்கு ஒரு புதுப் பெண் பழகி வருவதாகப் பேச்சு வேறு.

அன்று அத்தான் வேலையிலிருந்து வந்து, நாற்காலியில் சாய்ந்து ஷூவைக் கழற்றினார்.

"சீ! எந்திரிச்சுப் போய்க் காலக் கழுவுங்க. சாக்ஸ் என்னமா நாறுது!"

அத்தான் கழுவப் போகவில்லை. இன்னொரு ஷூவையும் கழற்றிவிட்டு, அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"இன்னொரு தடவ திட்டு" என்றார்.